தோல்வியே இல்லாத ஆட்டோகிளேவ் நோட்டு

பல் மருத்துவராகப் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சிறிய டென்டல் கிளினிக்குகளுக்குப் போய் அங்கே சிகிச்சையின் தரமும் நோயாளியின் பாதுகாப்பும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துச் சொல்கிறேன். ஒரு டாக்டர், ஒன்றோ இரண்டோ சேர், இரண்டு அசிஸ்டென்ட். பெரும்பாலும் இந்த அளவுதான். பெரிய மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புக்கென்றே தனி ஆள் இருப்பார். இங்கே சக்‌ஷன் பிடிப்பவரேதான் கருவி கழுவுகிறார், போன் எடுக்கிறார், அடுத்தவரை உள்ளே கூப்பிடுகிறார்.

முன்னறை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதில் நான் நேரம் செலவழிப்பதில்லை. நேராகக் கருவி கழுவும் அறைக்குப் போய், அழுத்த நீராவியில் கருவிகளின் கிருமியைக் கொல்லும் மெஷினான ஆட்டோகிளேவின் நோட்டைக் கேட்பேன். ஒவ்வொரு முறை மெஷின் போடும்போதும் தேதி, வெப்பநிலை, அழுத்தம், நேரம், போட்டவர் பெயர் எல்லாம் அதில் ஏற வேண்டும். வாரம் ஒருமுறை ஸ்போர் டெஸ்ட் முடிவும் ஏற வேண்டும். வெப்பத்துக்கு லேசில் சாகாத ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளை மெஷினுக்குள் வைத்து எடுத்து, அவை செத்தனவா என்று பார்க்கும் சோதனை அது. மெஷின் உண்மையிலேயே கிருமியைக் கொல்கிறதா என்பதை நேரடியாகக் காட்டுவது இது ஒன்றுதான்.

சில இடங்களில் அந்த நோட்டைப் பெருமையோடு நீட்டுவார்கள். புரட்டினால் மாதக்கணக்கில் 'பாஸ்', 'பாஸ்', 'பாஸ்'. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது போன்ற வரிசை. எனக்குக் கவலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. தினமும் ஓடும் மெஷினில் ஏதாவது ஒன்று தப்பத்தான் செய்யும். கதவை அடைக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் இறுகிப்போகும். அவசரத்தில் யாராவது பவுச்சுகளை, அதாவது கருவி போட்டு ஒட்டிய உறைகளை, அடுக்கி அமுக்கிவிடுவார்கள், நீராவி உள்ளே போக வழியிருக்காது. பாதியில் கரண்ட் போகும். இதில் ஒன்றுகூட எழுதப்படவில்லை என்றால், நடக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. எழுதுவதற்கு அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கிளினிக்கில் டாக்டர் ஒரு பக்கத்தைக் காட்டத் தயங்கினார். அதில் அசிஸ்டென்ட் பெண் எழுதியிருந்தது: ஸ்போர் டெஸ்டில் வளர்ச்சி தெரிந்தது, வித்து சாகவில்லை. மெஷினை நிறுத்தியாச்சு. போன தடவை பாஸான தேதிக்குப் பிறகு போட்ட பவுச் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்தாச்சு. கேஸ்கெட் மாற்றி மறுபடி டெஸ்ட். மதியம் வர வேண்டிய நோயாளிகளுக்கு வேறு நாள் கொடுத்தாச்சு. அவ்வளவுதான், ஆறேழு வரி. நான் பார்த்ததிலேயே எனக்கு அதிக நம்பிக்கை தந்த பக்கம் அது. டாக்டரிடமும் அதைச் சொன்னேன்.

பவுச்சைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நோயாளியின் கண்ணெதிரே கிழிக்கப்படுவது அதுதான். அதன் வெளி ஓரத்தில் நிறம் மாறும் ஒரு சிறு குறி உண்டு. நிறம் மாறியிருந்தால் அந்தப் பவுச் மெஷினுக்குள் போய் வந்தது என்று அர்த்தம். தேவையான சூடும் நீராவியும் தேவையான நேரம் கிடைத்ததா என்பதை அது சொல்லாது. 134 டிகிரி என்றால் குறைந்தது 3 நிமிடம், 121 டிகிரி என்றால் குறைந்தது 15 நிமிடம் அந்தச் சூடு நிலைத்து நிற்க வேண்டும். காகிதப் பக்கம் ஈரமாக இருந்தால் அந்தப் பவுச் கணக்கில் வராது. ஈரத்தின் வழியே வெளிக்கிருமி உள்ளே இறங்கிவிடும். நான் டிராயரைத் திறந்து நாலைந்து பவுச்சுகளைக் கையில் எடுத்து, மூலைகளைத் தடவிப் பார்ப்பேன். இறுகிச் சுருங்கிய காகிதம், நனைந்து காய்ந்ததைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது ஒரு சின்னக் கணக்கு. காலை வேளையில் எத்தனை நோயாளி, மொத்தம் எத்தனை ஹேண்ட்பீஸ்? பல் ராவும் அந்தக் கருவியின் உள்ளே எச்சிலும் ரத்தமும் இழுக்கப்படலாம். வெளியே ஸ்பிரிட் வைத்துத் துடைப்பதில் பிரயோஜனமில்லை. ஒவ்வொருவருக்குப் பிறகும் ஆட்டோகிளேவுக்குப் போயாக வேண்டும். உள்ளே குழல் இருப்பதால், காற்றை முதலில் உறிஞ்சி எடுக்கும் பி வகை மெஷின் இருப்பது நல்லது. கழுவி, எண்ணெய் விட்டு, பவுச் போட்டு, காய்ந்து வெளியே வர முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டே ஹேண்ட்பீஸ் வைத்துக்கொண்டு மதியத்துக்குள் பன்னிரண்டு பேருக்கு அடைத்திருக்கிறார்கள் என்றால், யாருடைய வாய்க்கோ போனது அப்படியே இன்னொருவர் வாய்க்குப் போயிருக்கிறது. இதற்கு அப்பாயின்ட்மென்ட் புத்தகமும் கருவி எண்ணிக்கையும் போதும், யாரையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதில்லை.

இதையெல்லாம் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2013இல் அமெரிக்காவின் டல்சாவில் ஒரு பல் மருத்துவரின் நோயாளிகள் சுமார் 7,000 பேரை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியது மரபணுச் சோதனையில் உறுதியானது. தண்ணீர்க் குழாயும் சாதாரண விஷயமில்லை. 2011இல் இத்தாலியில் 82 வயதுப் பெண் ஒருவர் லெஜியோனெல்லா என்ற, தண்ணீரில் வளரும் பாக்டீரியாவால் வந்த நிமோனியாவில் இறந்தார். அவருக்குத் தொற்று வந்தது டென்டல் சேரின் தண்ணீர் லைனிலிருந்து. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20, 30 விநாடி தண்ணீரை ஓடவிடுகிறார்களா, லைனுக்கு மருந்து போடுகிறார்களா என்று நான் நின்று பார்ப்பது அதனால்தான்.

சிகிச்சையின் தரம் தெரிய ஃபைல்கள்தான் வழி. ரூட் கெனால் செய்தவர்களின் ஃபைல் சிலவற்றை நானே எடுத்துக்கொள்வேன், அவர்கள் எடுத்துத் தருவதை அல்ல. சிகிச்சைக்கு முன்னும், நடுவிலும், முடிந்த பின்னும் எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா? ரப்பர் டேம், அதாவது அந்தப் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு, போட்டதாகக் குறிப்பு உண்டா? அது இல்லாமல் செய்தால் எச்சில் வேருக்குள் இறங்கும், வேரைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற கருவி கை நழுவினால் தொண்டைக்குள் போகும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கான ஊசி இவற்றைப் பல் பிடுங்கும் முன் கேட்டிருக்கிறார்களா? நோயாளிகள் 'வலிக்கவே இல்லை, டாக்டர் நல்லா பேசினார்' என்று சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் வேர் நுனிவரை நிரம்பியதா என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை, அவர்கள் சார்பாக யாராவது பார்த்தே ஆக வேண்டும்.

அவசர மருந்துப் பெட்டியை அசிஸ்டென்டைத்தான் எடுத்துவரச் சொல்வேன். அட்ரினலின் ஆம்பூல் எங்கே, தேதி முடிந்துவிட்டதா, கடும் அலர்ஜியில் பெரியவருக்கு எவ்வளவு? ஆயிரத்தில் ஒன்று கரைசலில் அரை மில்லி, தொடைத் தசையில். சாவி டாக்டரின் பையில், டாக்டர் வெளியே என்றால் அந்தப் பெட்டி இருந்தும் இல்லாததுதான்.

கடைசியில் அசிஸ்டென்டிடம் தனியாக ஒரு கேள்வி. பல்லுக்கு எண் போடும் முறைகள் பல, ஒரே எண் இரண்டு முறையில் இரண்டு பல்லைக் குறிக்கும்: எஃப்டிஐ என்ற சர்வதேச முறையில் 14 என்றால் வலது மேல் முதல் முன்கடைவாய்ப்பல், அமெரிக்க முறையில் அதே 14 இடது மேல் முதல் கடைவாய்ப்பல். எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று கிளிப் போடும் டாக்டர் எழுதி அனுப்பும் சீட்டில் எந்த முறை என்று இல்லாவிட்டால், நல்ல பல் போய்விடும். "சீட்டுல ஒண்ணு இருக்கு, டாக்டர் வேற பல்லுக்கு ஊசி எடுக்கிறார். நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்பேன்.

"நிறுத்தச் சொல்லுவேன் மேடம், எங்க டாக்டர் திட்ட மாட்டார்" என்று ஒருவர் உடனே சொன்னார். இன்னொரு இடத்தில் அந்தப் பெண் கதவைப் பார்த்துவிட்டு, "டாக்டருக்குத் தெரியாததா?" என்றார். அங்கே அன்றே டாக்டரிடம் உட்கார்ந்து பேசினேன். ஊசிக்கு முன்னால் சீட்டையும் எக்ஸ்ரேயையும் பார்த்துப் பல்லின் பெயரையும் பக்கத்தையும் அசிஸ்டென்ட் வாய்விட்டுச் சொல்வது, அதன்பின் நோயாளியைக் கைவைத்துக் காட்டச் சொல்வது என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒத்துக்கொண்டார். என் அறிக்கையில் ஆட்டோகிளேவுக்கும் மேலே, முதல் வரியாக அதைத்தான் எழுதினேன். அடுத்த முறை போகும்போது முதலில் பார்க்கப்போவதும் அதைத்தான்.