மாடியில் இன்னொரு பாத்ரூம் வேண்டும்

திருச்சியில் நாங்கள் வாங்கியிருக்கும் பழைய வீட்டில் மாடியில் மூன்று பெட்ரூம், பாத்ரூம் ஒன்றே ஒன்று, அதற்கும் பெரிய அறைக்குள் புகுந்துதான் போக வேண்டும். ராத்திரி பிள்ளைகள் எழுந்தால் எங்களைத் தாண்டித்தான் போகணும். வயசுக்கு வரப்போகிற பெண் இருக்கிற வீட்டில் இது சரிப்படாது.

கிழக்கு மூலையில் இன்னொன்று கட்டலாம் என்றுதான் ஆசை. கழிப்பறைக்கு நாலு அங்குலக் குழாய், அது சரிவாக டக்ட் (குழாய்கள் கீழே இறங்கும் சந்து) வரை ஓடணும். அங்கே குழாய் புதைக்கிற மாதிரி தளம் தாழ்த்திப் போடவில்லை, அதனால் ஒன்று தரையை உயர்த்திப் படி வைக்கணும், இல்லை கீழ்வீட்டு ஹாலின் தலைக்கு மேல் குழாய் தொங்கணும். இரண்டுமே வேண்டாம். இருக்கிற பாத்ரூம் சுவரை ஒட்டிய சின்ன அறையில் நாலடிக்கு ஏழரை அடி ஒதுக்கினால் அதே டக்டில் சேர்ந்துவிடும், குழாய் தூரம் குறைவதால் படியும் சின்னதாக அடங்கும், மாடி ஹால் பக்கம் கதவும் வைத்துவிடலாம். மீதி இடம் பையனுக்குக் கட்டிலும் மேசையும் போடப் போதும்.

இன்ஜினியர் வந்து தட்டிப் பார்த்தார். ஒன்பது அங்குலச் சுவர்கள் மேல்தளத்தைத் தாங்குபவை, தொடவே கூடாது என்றார். புதுத் தடுப்புக்கு எடை குறைந்த ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழிகள் உள்ள கான்கிரீட் கல்). வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் தண்ணீர் தேக்கி இரண்டு நாள் விட்டு, கீழே சீலிங்கில் ஈரம் கசிகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ். கொத்தனார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏஏசி பிளாக் சுவரில் கீசர் மாட்டியவர்கள் யாராவது இருந்தால், எந்த ஆங்கர் (சுவருக்குள் பிடித்து நிற்கும் போல்ட்) போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.