மூன்று வார முகாம், ஐந்து மாத ஓட்டம்

வெளிநாட்டில் ஒரு முகாமில் தன்னார்வலராகக் குழந்தைகளோடு நான் இருந்தது மொத்தம் மூன்றே வாரம், ஜூலையில். அதற்கான ஓட்டம் பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. இப்போது யாராவது கோடையில் இப்படி எங்காவது போய்வரலாம் என்று இருப்பதாகச் சொன்னால், நான் முதலில் கேட்பது, “உன்னைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் உன்னிடம் என்னவெல்லாம் கேட்டார்கள்?” என்பதைத்தான். அந்தக் கேள்வி என்னுடையதல்ல. ஒரு தோழி என்னிடம் கேட்டது.

நான் முதலில் பிடித்தது ஒரு குழந்தைகள் இல்லம். இரண்டு வாரம், எப்போது வேண்டுமானாலும் சேரலாம், முன் அனுபவம் தேவையில்லை. விண்ணப்பத்தில் பெயர், பாஸ்போர்ட் எண், சட்டை அளவு கேட்டிருந்தார்கள். அடுத்த பக்கத்திலேயே பணம் கட்டும் பொத்தான். இவ்வளவு எளிதா என்று துள்ளிக்கொண்டு தோழியிடம் காட்டினேன். “சட்டை அளவைத் தவிர உன்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லையே” என்றாள். என்னை விசாரிக்காமல் உள்ளே விடுகிறவர்கள் வேறு எவரையும் அப்படித்தானே விடுவார்கள்? அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். வெளிநாட்டு விருந்தாளிகளின் பணத்தை நம்பி நடக்கும் சில இல்லங்களில், அம்மா அப்பா உயிரோடு இருக்கும் பிள்ளைகளையே கொண்டுவந்து அநாதைகளாக உட்காரவைப்பதுண்டு. இப்படி இல்லங்களுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் திட்டங்களால் வரும் தீங்குகளைத் தடுக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே ஒரு தீர்மானத்தில் நாடுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நான் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. அழுத்தியிருப்பேன் என்பதுதான் உண்மை.

அடுத்து விண்ணப்பித்தது ஒரு வொர்க்கேம்ப், அதாவது பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து சம்பளமில்லாமல் பணிசெய்யும் முகாம். பள்ளி விடுமுறையில் ஏழு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கான பகல்நேர முகாம். பிள்ளைகள் காலையில் வருவார்கள், மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெற்றோரோடு இருக்கும் பிள்ளைகள் என்பதே எனக்குப் பாதி நிம்மதி. விளையாட்டு முகாமுக்கு ஏன் ‘வேலை’ முகாம் என்று பெயர் என்றால், அதற்கு நூறாண்டுக் கதை இருக்கிறது. முதல் உலகப்போர் முடிந்த பிறகு, 1920இல், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் செரெசோல் பிரான்சில் வெர்டன் அருகே சிதைந்துபோன ஒரு கிராமத்தைத் திரும்பக் கட்ட, எதிரி நாட்டவர்களாக இருந்தவர்களையும் சேர்த்து ஒரு சிறு குழுவைக் கூட்டிப்போனார். இப்படிப்பட்ட முகாம்களை நடத்தும் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு அங்கிருந்து வந்ததுதான். மண்வெட்டி போய்ப் பல முகாம்களில் இப்போது வண்ணப் பென்சில் வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. அந்தப் பெயர் என்னை எங்கே மாட்டிவிட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இவர்கள் கேட்காதது எதுவும் இல்லை. ஏன் வர விரும்புகிறாய் என்று ஒரு பக்கக் கடிதம். உறவினர் அல்லாத இரண்டு பேரின் பரிந்துரை. காவல்துறையின் நற்சான்று, அதன் மொழிபெயர்ப்பு. அப்புறம் வீடியோ அழைப்பில் முக்கால் மணி நேர நேர்காணல். கடிதத்தில் “குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்” என்று எழுதியிருந்தேன். ஒருங்கிணைப்பாளர் அதைப் படித்துவிட்டு, “சரி, உங்களுக்குப் பிடிக்காத ஒரு குழந்தை வந்தால் என்ன செய்வீர்கள்?” என்றார். அப்படி ஒரு குழந்தை இருக்கவே முடியாது என்று உளறினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டார்.

அடுத்த கேள்வி இன்னும் மோசம். ஒரு பிள்ளை வந்து, “உன்னிடம் ஒன்று சொல்வேன், யாரிடமும் சொல்லக் கூடாது” என்கிறது. என்ன செய்வீர்கள்? சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து தருவேன், அப்போதுதானே நம்பும் என்றேன். இந்த ஒரு பதிலுக்காகவே என்னை நிராகரித்திருக்கலாம். அவர் பொறுமையாக விளக்கினார். அந்த வாக்கை ஒருபோதும் தரக் கூடாது. வீட்டில் யாரோ அடிக்கிறார்கள் என்றோ, அதைவிட மோசமாகவோ அந்தப் பிள்ளை சொன்னால், அதை முகாமின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டுச் சொன்னால், நம்பிய இன்னொரு பெரியவரும் ஏமாற்றியதாக ஆகிவிடும். அதனால் முதலிலேயே, “நீ சொல்வதைக் கேட்கிறேன். உனக்கு உதவி தேவைப்பட்டால் இன்னொருவரிடம் சொல்ல வேண்டிவரலாம்” என்று சொல்லிவிட வேண்டும். துருவித் துருவிக் கேட்கவும் கூடாது. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே உடனே எழுதிவைக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே நேர்காணலுக்கு நன்றி சொல்வேன்.

காவல்துறைச் சான்றைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. கைரேகை, முகவரி விசாரணை, காத்திருப்பு. சான்றின் மேல் அப்போஸ்டில் முத்திரை கேட்டார்கள். ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்காக 1961 ஹேக் உடன்படிக்கை வகுத்த முத்திரை அது. மொழிபெயர்த்த பிறகுதான் முத்திரை ஞாபகம் வந்தது. முத்திரை வாங்கிய பின் அதையும் சேர்த்து மறுபடி மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. முதலில் முத்திரை, பிறகு மொழிபெயர்ப்பு. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்.

விசாதான் வயிற்றைக் கலக்கியது. நான் போன நாடு, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் வட்டத்துக்குள் இருந்தது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசியாகப் பதினைந்து நாளுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில வேளைகளில் 45 நாள் வரை போகும். குறைந்தது 30,000 யூரோ வரை ஈடுசெய்யும் பயண மருத்துவ இன்சூரன்ஸ் வேண்டும். கோடைக்காலம் என்பதால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. கடைசியில் ஒரு நாள் கிடைத்து, கவுன்டரில் போய் நின்றேன். என் கடிதத்தில் “முகாமில் வேலை செய்யப் போகிறேன்” என்று பெருமையாக எழுதியிருந்தேன். “வேலை அனுமதி எங்கே?” என்றார் அந்த அம்மா. சம்பளம் இல்லாத தன்னார்வப் பணி, பெயர்தான் அப்படி என்று வெர்டன் கதையைத் தொடங்கினேன். அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. ‘ஊதியம் கிடையாது, தங்குமிடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு’ என்று அழைப்புக் கடிதத்தில் திருத்தி எழுதி வாங்கிக்கொண்டு ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். விசா கைக்கு வந்தது கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது. டிக்கெட்டை முன்பே எடுத்துவிட்ட முட்டாள்தனத்தையும் ஒப்புக்கொள்கிறேன்.

முகாமுக்கு முந்தைய இரண்டு நாள் பயிற்சி. ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. வெயிலுக்கான கிரீமைப் பிள்ளையே பூசிக்கொள்ளட்டும். பரிசு, தொலைபேசி எண், சமூக வலைதள நட்பு எதுவும் கூடாது. முகம் தெரியும் படம் எடுக்கவே கூடாது. 1989 குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் அந்தரங்கம் பிள்ளைகளுக்கும் உரிமைதான் என்று பயிற்சியாளர் சொன்னபோது, இத்தனை நாள் கேட்காமல் எத்தனை பிள்ளைகளைப் படம் எடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் நாற்பது நிமிடத்துக்கு என்று நான் திட்டமிட்ட விளையாட்டு ஏழு நிமிடத்தில் முடிந்தது. முப்பது பிள்ளைகள் அடுத்து என்ன என்று பார்க்கிறார்கள், எனக்கோ அவர்கள் மொழியில் ஆறு சொல்தான் தெரியும். ஒரு சிறுமி என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தாள். மறுபடி சொல்லச் சொன்னாள். நான் சொல்ல, எல்லாரும் திருத்த, அன்றைய மீதி நேரம் அதுவே விளையாட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு திட்டத்துக்கும் பின்னால் இரண்டு மாற்று வைத்துக்கொண்டேன்.

பிடிக்காத குழந்தையும் வந்தான். அடுத்தவன் கட்டியதை உடைப்பதே வேலை. இரண்டாம் வாரம் வரை அவனைக் கண்டாலே எரிச்சல். மாலைக் கூட்டத்தில் அதை வாய்விட்டுச் சொன்னேன். உள்ளூர் ஊழியர் ஒருவர், “நாளை அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று மட்டும் சொன்னார். யாரும் என்னைத் தப்பாகப் பார்க்கவில்லை.

கடைசி வாரம் சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகளே ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டு வந்தார்கள். யாரும் திடீரென்று காணாமல் போய்விட்டதாக அவர்களுக்குத் தோன்றக் கூடாது என்பதற்காக அது. கடைசிக் கட்டத்தை அடித்தது அந்த உடைக்கிற பையன்தான். “அடுத்த வருஷம் வருவாயா?” என்றான். வருவேன் என்று வாய்வரை வந்தது. “தெரியவில்லை” என்றேன். தலையாட்டிவிட்டு பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் எல்லாரும் படங்களைக் காட்டச் சொன்னார்கள். என்னிடம் இருந்தவை முதுகுகள், சேறு பூசிய கால்கள், கொடியில் காயும் தாளில் முப்பது வண்ண உள்ளங்கைகள். அதில் ஒன்று பாதிக் கிழிந்திருக்கும். அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.