அஸ்தம்பட்டியில் ஒரு தேநீர்

ஏற்காடு போகும் வழியில், அஸ்தம்பட்டியில், சேலம் மத்திய சிறை இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் எத்தனையோ முறை பேருந்தில் போயும் அதை நின்று பார்த்ததில்லை. சென்ற மாதம் பெரியப்பாவுக்குச் சர்க்கரை போடாத தேநீர் வாங்குவதற்காகச் சிறைக்குச் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தினோம். மனு போட்டுக் கைதிகளைப் பார்க்க வந்தவர்கள் துணிப்பையும் பழமுமாக மரநிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வழிக்காவலுடன் வந்த வேனிலிருந்து ஓர் இளைஞனை இறக்கினார்கள். அவன் கையில் விலங்கு இல்லை. காவலர் ஒருவர் அவனுடைய விரல்களுக்குள் தம் விரல்களைக் கோத்து, திருவிழாக் கூட்டத்தில் தம்பியை அழைத்துப் போகும் அண்ணனைப் போல வாசலை நோக்கி நடத்திச் சென்றார்.

“காப்பு மாட்டலையேன்னு பாக்கறியா? அது கிருஷ்ணய்யர் குடுத்துட்டுப் போனது” என்றார் பெரியப்பா. நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வழக்குகளின் பெயர்களைச் சொந்தக்காரர்களின் பெயர்களைப் போலச் சொல்வார்.

எனக்கு, உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த வி. ஆர். கிருஷ்ணய்யர், போட்டித் தேர்வுக்குப் படித்தபோது மனப்பாடம் செய்த ஒரு தோல்விதான். 1987 குடியரசுத் தலைவர் தேர்தலில் ராஜாமடத்துக்காரரான ரா. வெங்கட்ராமன் 7,40,148 வாக்கு மதிப்பு பெற்று வென்றார். எதிர்க்கட்சிகள் நிறுத்திய, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணய்யருக்குக் கிடைத்தது 2,81,550. அப்போதே அவர் எழுபதைக் கடந்திருந்தார்.

திகார் சிறையிலிருந்து பிரேம் சங்கர் சுக்லா என்ற விசாரணைக் கைதி அனுப்பிய தந்தியை மனுவாக ஏற்று, வழக்கம் என்பதற்காக மட்டும் யாருக்கும் விலங்கு பூட்டக்கூடாது, பூட்டியே ஆக வேண்டுமென்றால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், அந்தத் தீர்ப்பை எழுதியவர் அவரே என்பதையும் கொண்டை ஊசி வளைவுகளில் பெரியப்பா விவரித்துக்கொண்டே வந்தார். இருபது வளைவுகளும் போதவில்லை.

நாங்கள் தேநீர் குடித்த இடத்துக்கு எதிரே இருந்த அந்தச் சிறைக்குள், 1950 பிப்ரவரி 11 அன்று, குடியரசு பிறந்து பதினாறே நாள் ஆகியிருந்தபோது, துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். அதே மலபாரின் தலச்சேரியில் கம்யூனிஸ்டுகளுக்கும் விவசாயிகளுக்கும் வழக்காடிக்கொண்டிருந்தவர்தான் கிருஷ்ணய்யர். அதன் பொருட்டு 1948-இல் தாமே சிறைக்குப் போய் வந்தவர். 1957-இல் கேரளத்தின் நம்பூதிரிபாட் அமைச்சரவையில் சிறைத்துறையும் அவரிடம் இருந்தது. சிறையின் வாசலை உள்ளிருந்தும் வெளியிருந்தும் பார்த்தவர் எழுதிய தீர்ப்பு என்பதால்தான் அதில் கைதியின் மணிக்கட்டு தெரிகிறது என்று எனக்குப் படுகிறது.

மேலே, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களின் நிழலில் நடந்தபோது, “அவர் ஜெயித்திருந்தால் தூக்குக் கைதிகளுக்கெல்லாம் கருணை காட்டியிருப்பார், இல்லையா?” என்று கேட்டேன். பெரியப்பா சிரித்துவிட்டார். கருணை மனுவில் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்பதை 1980-இல் மாரு ராம் வழக்கில் எழுதியவரும் கிருஷ்ணய்யர்தானாம். வென்றிருந்தால், தூக்குத் தண்டனையை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர், தாம் எழுதிய தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு மனுக்களை நிராகரித்துக் கையெழுத்திட நேர்ந்திருக்கும். தோற்றதால் கொச்சி வீட்டில் உட்கார்ந்து, யாருடைய ஆலோசனையும் தேவைப்படாமல் கடிதம் எழுதினார். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்டவர்களுக்குக் கருணை காட்டும்படி தொண்ணூறைத் தாண்டிய வயதில் கேட்டவர்களில் அவரும் ஒருவர். 2014 டிசம்பர் 4 அன்று அவர் இறந்தார். அது வெங்கட்ராமனின் பிறந்த நாள்.

லேடீஸ் சீட் என்ற காட்சி முனையிலிருந்து சேலத்தின் விளக்குகளைப் பார்த்தபோது பெரியப்பாவின் குரல் தணிந்திருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், கொலை, போதைப்பொருள் போன்ற சில வழக்குகளில் விலங்கு பூட்டக் காவலருக்கு மறுபடியும் இடம் கொடுத்திருக்கிறது என்றார். எதையோ எண்ணிக்கொண்டிருந்தவர், வண்டியில் ஏறும்போது கேட்டார்:

“காலைல பாத்தமே, அந்தப் பையன் மேல என்ன கேஸா இருக்கும்?”