தெர்தியுவும் படிவம் நிரப்புகிற நானும்

ஊழியத்துக்கு அழைப்பு என்றதும் நம்மில் பலருக்கு மேடையும் மைக்கும்தான் ஞாபகத்துக்கு வரும். பிரசங்கம் பண்ணத் தெரிய வேண்டும், பாட வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டு வேதாகமக் கல்லூரிக்குப் போக வேண்டும். எனக்கு மூன்றும் வராது. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும், எந்த ரசீது இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அதனாலோ என்னவோ, ரோமாபுரி விசுவாசிகளுக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதமான ரோமர் நிருபத்தின் 16-ஆம் அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேத வாசிப்பில் பலர் வேகமாகத் தாண்டிப்போகிற அதிகாரம் அது. வெறும் பெயர்ப் பட்டியல்தானே என்பார்கள். 20-க்கும் மேற்பட்ட பெயர்கள். பவுலைத் தன் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்ட ரூப்பின் தாயார் அதில் இருக்கிறார், அவருக்குப் பெயர்கூடச் சொல்லப்படவில்லை. பவுலுக்கும் சபைக்கும் வீட்டைத் திறந்துவிட்ட காயு இருக்கிறார். பட்டணத்தின் பணப்பொறுப்பைப் பார்த்த ஏரஸ்து இருக்கிறார். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாள் முதல் வசனத்திலேயே வருகிறார். அந்த நிருபத்தை ரோமாபுரிக்கு எடுத்துப்போனவர் அவர்தான் என்று பலர் கருதுகிறார்கள். நடுவே 22-ஆம் வசனத்தில் ஒருவர் தலையை நீட்டி, "இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நான் கர்த்தருக்குள் உங்களை வாழ்த்துகிறேன்" என்கிறார்.

பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் அவர். வேதாகமத்தில் வேறெங்கும் அவர் பெயர் இல்லை. கிறிஸ்தவ உலகம் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிற 16 அதிகாரங்களையும் கையால் எழுதி முடித்தவருக்கு ஒரே ஒரு வசனம். ஆனால் அவர் எழுத மாட்டேன் என்றிருந்தால்? சரி, பவுல் வேறு ஆளைப் பிடித்திருப்பார். அந்த வேறு ஆளும் எழுதத் தெரிந்த ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நான் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான். சபையில் யாருக்காவது மருத்துவமனைச் செலவுக்கான கோரிக்கை, ஓய்வூதிய விண்ணப்பம், பிள்ளையின் உதவித்தொகைப் படிவம் என்று வந்தால் உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். துக்கத்தில் இருக்கிற ஒருவர் முன்னால் அந்தப் படிவத்தை வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் பை நிறையக் காகிதங்களோடு வந்தார். மருந்து ரசீது, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் குறிப்பு எல்லாம் ஒன்றாகக் கசங்கிக் கிடந்தன. சில ரசீதுகளில் மை மங்கி, எண் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. மருத்துவமனைக் காகிதத்தில் அந்த அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அடையாள அட்டையில் வேறு மாதிரி. இப்படி ஓர் எழுத்தால் கோரிக்கைகள் திரும்பி வருவதை அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன். முதலில் தேதி வாரியாக அடுக்கினோம். அப்புறம் பெயர்த் திருத்தத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். 'காலமானவருக்கு நீங்கள் என்ன உறவு' என்ற கட்டம் வந்ததும் அவர், "இன்னும் கணவர்னுதான் எழுதணுமா, சிஸ்டர்?" என்று கேட்டார். "ஆமாங்க ஐயா, அப்படித்தான்" என்றேன். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. வசனம் சொல்லித் தேற்றியிருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். எனக்கு அப்போது அது சரியாகப் படவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போனோம்.

இதெல்லாம் ஊழியமா, சமூக சேவைதானே என்று கேட்கிறவர்கள் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். எருசலேம் சபையில் வந்த முறுமுறுப்பு உபதேசத்தைப் பற்றியது அல்ல. கிரேக்கு பேசின விதவைகளுக்கு அன்றாடப் பங்கீடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதுதான் புகார். சுத்தமான நிர்வாகப் பிரச்சினை. அதற்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்ன அப்போஸ்தலர்கள் கேட்ட தகுதியைப் பாருங்கள்: நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம். பந்தி விசாரிக்க, அதாவது சாப்பாட்டுப் பங்கீட்டைக் கவனிக்கத்தான்! தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர்கள். புகார் எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கத்தாரிடமே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. நம் கமிட்டிகள் இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டாலே பாதிச் சண்டை ஓயும்.

ஆனால் படிவம் நிரப்புகிறவர் கையில் ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் மொத்தமும் வந்துவிடுகிறது. என்ன நோய், எவ்வளவு கடன், மூத்த பையன் ஏன் கையெழுத்துப் போட மறுக்கிறான் என்பதெல்லாம். இதை வெளியில் கசியவிடுவதற்கு நம்மிடம் ஒரு பரிசுத்தமான வழி உண்டு. அதன் பெயர் ஜெபக் குறிப்பு. "அவங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க, விவரம் சொல்ல முடியாது, ஆனா..." என்று ஆரம்பித்தால் முழு விவரமும் வந்துவிடும். நான் எனக்கு வைத்திருக்கிற சட்டம் இது: அவர்களாகச் சொல்லச் சொன்னால் ஒழிய, ஜெபக் கூட்டத்தில்கூட வாய் திறப்பதில்லை. அசல் ஆவணங்களை வீட்டில் வைத்துக்கொள்வதும் இல்லை, நகல் போதும். சபைக்கு வராதவர்கள் கேட்டாலும் செய்து தருவேன். அதைச் சாக்காக வைத்து ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்வது எனக்குப் பிடிக்காது. உதவியில் தூண்டில் முள் இருக்கக் கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாவற்றையும் நாமே தூக்கிச் சுமப்பதுதான் ஊழியம் என்று நினைத்து ஓடாய்த் தேய்கிறவர்களைப் பார்க்கிறேன். லூக்கா 10-இல் வரும் நல்ல சமாரியன் அப்படிச் செய்யவில்லை. கள்ளர் அடித்துப்போட்டு வழியில் கிடந்தவனுக்குக் காயம் கட்டினார், தன் வாகனத்தில் ஏற்றினார், சத்திரத்துக்குக் கொண்டுபோய் அன்றைக்குக் கவனித்துக்கொண்டார். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். இரண்டு பணம் என்பது ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம். அவருக்கும் போகவேண்டிய பயணம் இருந்தது, முடிக்கவேண்டிய வேலை இருந்தது. மீதியைச் சத்திரக்காரன் பார்த்துக்கொண்டார். அந்தச் சத்திரக்காரனைப் பற்றி யாராவது ஒருநாள் பிரசங்கம் பண்ணினால் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

அதனால் எனக்குச் செவ்வாய்க்கிழமை மாலை மட்டும்தான். மற்ற நாட்களில் வீட்டு வேலை, மாமியாரின் மருந்து, பிள்ளையின் பாடம். அவசரம் என்றால் விதிவிலக்கு உண்டு. எது அவசரம் என்று விண்ணப்பத்தின் கடைசித் தேதியே சொல்லிவிடும்.

ஏதாவது செய்ய வேண்டும் என்று மனதில் உறுத்தல் இருந்தும் எங்கே தொடங்குவது என்று நிற்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். போதகரிடம் போய், "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்காதீர்கள். பாவம், அவருக்கு அது இன்னொரு வேலை. யோசித்துப் பார்த்து, கடைசியில் நாற்காலி அடுக்கச் சொல்வார். "எனக்குக் கார் ஓட்டத் தெரியும், வெள்ளிக்கிழமை காலை ஓய்வு, டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். "ராத்திரி கண்விழிப்பது எனக்குக் கஷ்டமில்லை, மருத்துவமனையில் யாருக்குத் துணை இல்லை?" என்று கேளுங்கள். என்ன தெரியும், எப்போது முடியும் என்ற இரண்டையும் சொல்லிவிட்டால் போதும். வீடு சந்திப்புக்குப் போகிறவர்கள் காதில் போட்டால் இன்னும் நல்லது. யார் வீட்டில் என்ன தேவை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.