முளைக்கொட்டுத் திண்ணையில் எட்டு நாள்

ஜூலை 30, 2024, செவ்வாய்

இன்று முத்துப் பரப்பினோம். திருவிழாவுக்காக இருட்டறையில் முளைக்கவைத்து, பிறகு நீரில் கரைக்கும் பயிர்தான் முளைப்பாரி. இராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தப் பக்கத்தில் அதன் விதைக்கு முத்து என்றுதான் பெயர். மொச்சை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, சோளம், கம்பு என்று வீடு வீடாக வாங்கி வந்ததை நேற்று இரவே அத்தை ஊறப்போட்டிருந்தார். பாரி வளர்க்கும் மண் ஓட்டில் வைக்கோலைப் பரப்பி, பொடித்த எருவைத் தூவி, முத்தை நெருக்கமாக இட்டோம். நான் கடையில் வாங்கி வந்த மொச்சையைத் தனி ஓட்டில் போட்டேன். பிறகு அறையைச் சாத்திவிட்டார்கள். அடுத்த செவ்வாய்வரை வெயில் படக் கூடாது.

ஆகஸ்ட் 1, வியாழன்

இரவு, முளைப்பாரிக்காகக் கும்மி கொட்டும் ஊர்ப் பொதுத் திண்ணையான முளைக்கொட்டுத் திண்ணையில் கும்மி. எட்டு ஆண்டுகள் மேடை நடனம் கற்றவள் நான். பார்ப்பவர்களை நோக்கி ஆடியே பழகியவள். இங்கே எல்லோரும் நடுவிலிருக்கும் விளக்கைப் பார்த்து ஆடுகிறார்கள், வெளியே நிற்பவருக்கு முதுகுதான் தெரிகிறது. பூட்டிய அறைக்குள் இருக்கும் பயிருக்காகத்தான் இந்த ஆட்டம். குனிந்து மண்ணருகே ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. உழுததையும் எரு சுமந்ததையும் விதைத்ததையும் பாட்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. வயலில் குனிந்து பழகிய இடுப்புகள் அவை. எழுபது வயதுப் பெரியம்மாவின் குனிவு எனக்கு வரவே இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பாரி கரைக்கக் கண்மாயில் இடம் பார்க்கப் போனோம். மனம் கொதித்தது. கரை முழுவதும் சீமைக்கருவேலம். நடுப் பள்ளத்தில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று இராஜசிங்கமங்கலம் கண்மாயின் பரப்பைப் பெருமையாகச் சொல்லும் மாவட்டம் இது! இளைஞர்கள் அரிவாளோடு வந்தார்கள். மாலைக்குள் பள்ளம்வரை ஒரு பாதை கிடைத்தது. கும்மிக்கு வரும் பெண்கள் முள்ளை இழுத்து ஓரம் போட்டோம். இன்று இரவு கைதட்டும்போது உள்ளங்கை எரிந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கதவைத் திறந்தார்கள். இருட்டில் பச்சையம் பிடிக்காமல், வெளிச்சம் தேடி ஒரு சாணுக்கு மேல் நீண்டு, வெளிர்மஞ்சளாக நின்றது பயிர். அத்தை வீட்டு மொச்சையில் இடைவெளியே இல்லை. என் ஓட்டில் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு ஓட்டையும் கூர்ந்து பார்த்தாள். எந்த வீட்டு விதை தேறும் என்று அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடுகிறது. விதைப்புக்கு முன்னே இத்தனை அழகான சோதனையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பாரியைத் தலையில் சுமந்து, குலவையோடு நாங்கள் வெட்டிய பாதையிலேயே நடந்தோம். கடைசிக் கும்மி கண்மாய்க் கரையில். தண்ணீரில் இறக்கியதும் வேர்கள் பின்னிய எருக்கட்டி மெல்லப் பிரிந்தது; கெண்டைக் குஞ்சுகள் அதைச் சுற்றி வந்தன.

வீடு திரும்பியதும் அத்தை சாம்பலில் புரட்டி வைத்திருந்த மொச்சையில் இரண்டு கைப்பிடி அள்ளி, துணியில் முடிந்து கொடுத்தார்.

"புரட்டாசி விதைப்புக்கு வந்துவிடு," என்றார்.