ஒற்றை டிக்

ஜூன் 4

கதையில் தம்பியிடமிருந்து மூன்று நாளாகத் தகவல் இல்லை. இரண்டு பக்கம் எழுதினேன். அக்கா கவலைப்படுகிறாள், ஜன்னலோரம் போய் நிற்கிறாள், திரும்பி வந்து மறுபடியும் கவலைப்படுகிறாள். வாசித்துப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.

ஜூன் 5

அவன் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று காரணம் வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அது போனுக்கு வந்த கஷ்டம், அக்காவுக்கு அதில் பங்கே இல்லை. பங்கில்லாதவள் காத்திருப்பதைத் தவிர என்ன செய்வாள்?

ஜூன் 7

வாயேஜர் 2 விஷயத்தைத் தேடிப் படித்தேன். 2023 ஜூலையில் நாசாவுக்கும் அந்த விண்கலத்துக்கும் பேச்சு நின்றுபோனது. கலத்தில் எதுவும் பழுதாகவில்லை. இங்கிருந்து போன கட்டளையில்தான் பிசகு. ஆன்டெனா 2 டிகிரி திரும்பிவிட்டது, அவ்வளவுதான். சுமார் 1,990 கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கலத்துக்கு அந்த 2 டிகிரியே போதும்.

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. அக்டோபர் 15 அன்று கலம் தானாகவே திசையைச் சரிசெய்துகொள்ளும்படி ஏற்கெனவே ஏற்பாடு இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. சக்தியைக் கூட்டி, கத்திக் கூப்பிடுவது போல ஒரு கட்டளை அனுப்பினார்கள். போய்ச் சேர 18.5 மணி நேரம், காதில் விழுந்ததா என்று தெரிய மொத்தம் 37 மணி நேரம். ஆகஸ்ட் 4 அன்று கலம் பேசிவிட்டது.

கை நம்முடையது, தவறும் நம்முடையது. காத்திருப்பதா, கத்துவதா? என் கதையில் இது இல்லவே இல்லை.

ஜூன் 8

ஆகவே கடைசியாகப் பேசியவள் அக்கா. "இனிமே எனக்கு போன் பண்ணாதடா."

அவன் பண்ணவில்லை. சொன்ன சொல்லைக் கேட்கிறானா, இல்லை ஏதாவது ஆகிவிட்டதா? வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். போன் அணைந்து கிடந்தாலும் ஒற்றை டிக்தான், பிளாக் பண்ணியிருந்தாலும் ஒற்றை டிக்தான். ராத்திரி அவள் வேண்டிக்கொள்கிறாள்: பிளாக் பண்ணியிருக்கட்டும் சாமி.

இந்த ஒரு வரிக்காக முந்தைய இரண்டு பக்கத்தையும் தூக்கிப் போட்டேன். வருத்தமில்லை.

ஜூன் 10

ஒன்றும் ஓடவில்லை.

ஜூன் 11

வேறு நம்பரிலிருந்து கூப்பிட வேண்டியதுதானே என்று வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி. கூப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும், அதனால்தான் கூப்பிடவில்லை. இதை அவள் வாயால் சொல்ல வைத்தால் கெட்டுப்போகும். பக்கத்து வீட்டுக்காரி தன் போனை நீட்டட்டும், இவள் "சார்ஜ் கம்மியா இருக்கே, அப்புறம் பாத்துக்கலாம்க்கா" என்று மழுப்பட்டும்.

ஜூன் 12

அம்மாவைக் கொண்டுவந்தேன். "தம்பி பேசினானா?" என்று கேட்கிறாள். "பேசினான்மா" என்றுவிட்டாள் அக்கா. ஒரு பொய். மறுநாள் அது வளர்ந்து, அவனுக்கு வேலை அதிகம், சளி பிடித்திருக்கிறது. அக்கா சொல்லச் சொல்ல அவளுக்கே கொஞ்சம் நிம்மதி. அங்கே தம்பி மருந்து சாப்பிடுகிறான், தூங்குகிறான். அந்தப் பத்தியை எழுதி முடித்ததும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ஜூன் 14

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். வருகிற அழைப்பை எடுக்க மட்டும் தெரியும். இன்று அதை நீட்டி, "நம்பரப் போட்டுக் குடு, நானே பேசுறேன்" என்கிறாள்.

நம்பர் அக்காவுக்கு மனப்பாடம். ஒன்பது இலக்கம் சரியாகப் போட்டாள். பத்தாவது 6. பக்கத்திலிருக்கும் 5-ஐ அழுத்திக் கொடுத்துவிட்டாள்.

யாரோ எடுத்தார்கள். "ஹலோ?"

"ஏன்டா," என்கிறாள் அம்மா, "தொண்டை இவ்வளவா கட்டியிருக்கு?"