தளர்த்தத் தெரிந்த கை

குதிரையேற்றம் பழக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "கடிவாள வாரை எவ்வளவு இழுத்தும் குதிரை நிற்கவில்லையே, இன்னும் பலமாக இழுக்க வேண்டுமா?" என்பதுதான். பயிற்றுநராக நான் சொல்லிவரும் பதில், இழுத்த கையை எப்போது தளர்த்துகிறோம் என்பதைப் பற்றியது.

கடிவாளத்தின் இரும்பு, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல் இல்லாத ஈறின்மேல் அமர்கிறது. மெல்லிய தோலுக்கு அடியிலேயே எலும்பு இருக்கும் அந்த இடத்தை ஓயாமல் அழுத்தினால், குதிரை தலையை உயர்த்தித் தப்பப் பார்க்கும். இல்லையெனில் அழுத்தத்தின் மீதே சாய்ந்து மேலும் விரையும். அழுத்தம் விலகும் கணத்தில் தான் எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதையே சரியென்று அது கற்றுக்கொள்கிறது. ஆகவே, வேகம் சற்றுத் தணிந்ததுமே விரல்களைத் தளர்த்திவிட வேண்டும். சில விநாடிகள் தாமதித்தாலும், எதற்காக வார் தளர்ந்தது என்று அதற்குப் புரியாது. மாணவர்களிடம் முதலில் மூச்சை வெளிவிட்டுச் சேணத்தில் நன்றாக ஊன்றி அமரச் சொல்வேன். விரல்களை மூடுவது அதற்குப் பிறகுதான். அந்த மூச்சுக்கே நடையைக் குறைக்கும் குதிரைகள் உண்டு. அவற்றின் வாயை எந்த முரட்டுக் கையும் மரத்துப்போகச் செய்திருக்காது.

டிராட்டில் உடல் குலுங்குவது அடுத்த கவலை. மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து ஊன்றும் நடை அது. வட்டமாகச் செல்கையில் குதிரையின் வெளிப்பக்கத் தோள் முன்னே செல்லும்போது எழுந்து, பின்னே வரும்போது அமர வேண்டும். பாதம் வைக்கும் அங்கவடியை உதைத்து எழ வேண்டியதில்லை; குதிரையின் முதுகே தூக்கிவிடும்.

மிரளும் குதிரையை அடிக்கலாமா என்று கேட்பவர்களிடம் மட்டும் நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். பக்கவாட்டில் அமைந்த கண்களால் ஏறத்தாழ 350 பாகை வரை பார்க்கும் அந்த விலங்குக்கு, நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் பார்வை எட்டாது. காற்றில் படபடக்கும் பிளாஸ்டிக் தாளைக் கண்டு ஒதுங்கும்போது சவுக்கடி விழுந்தால், வலியையும் தாளையும் அது ஒன்றாகவே நினைவில் கொள்ளும். தொலைவில் நிறுத்தி, தலையைத் தாழ்த்திப் பார்க்கவிட்டால், பெரும்பாலும் தானே நெருங்கி முகர்ந்து பார்க்கும்.

குதிரைக்கு எந்த வயதானால் அதன்மேல் ஏறலாம் என்ற கேள்வியில் அவசரமே அதிகம். முதுகெலும்பின் வளர்ச்சித் தகடுகள் ஐந்து வயதுக்குப் பிறகே முழுமையாக மூடுகின்றன. அதுவரை நான் பாரத்தைக் குறைவாகவே ஏற்றுவேன். நீள்கயிற்றில் நடக்கவும் நிற்கவும் திரும்பவும் பழக்குவதிலேயே இளங்குதிரைக்குப் போதிய பாடம் இருக்கிறது.